வேலிக்குள் ஒரு மைதானம்

*குவெட்டாவின் ஹஸாரா விளையாட்டு வீரர்களின் எழுச்சியும், அது சப்ரகமுவத் தோட்டங்களின் முன் வைக்கும் கேள்வியும்*

பாகிஸ்தானின் பலுசிஸ்தான் மாகாணத் தலைநகரான குவெட்டா, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,680 மீற்றர் உயரத்தில், மொட்டை மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் அமைந்திருக்கிறது. நகரின் கிழக்கு ஓரத்தில் கோ-எ-முர்தார் மலையின் அடிவாரத்தை ஒட்டி மரியாபாத் என்னும் குடியிருப்பும், மேற்கு ஓரத்தில் சில்தான் மலைப் பக்கமாக ஹஸாரா டவுன் என்னும் குடியிருப்பும் உள்ளன. இரண்டிலும் வாழ்பவர்கள் பெரும்பாலும் ஒரே இனத்தவர்கள். இரண்டுக்கும் இடையில் சில கிலோமீற்றர் தூரமே உண்டு. ஆயினும் 2013ஆம் ஆண்டுக்குப் பின் இவ்விரு குடியிருப்புகளுக்கும் செல்லும் வழிகளில் சோதனைச் சாவடிகள் எழுந்து, உள்ளே வருபவரும் வெளியே செல்பவரும் அடையாள அட்டையைக் காட்ட வேண்டியதாயிற்று. காய்கறி வாங்கச் சந்தைக்குப் போகும் வியாபாரிகள்கூடப் பாதுகாப்பு வாகனங்களின் துணையோடு போக வேண்டிய நிலை உருவானது. மரியாபாத்தில் வீடுகள் படிப்படியாக மலைமேல் ஏறிச் செல்ல, அவற்றுக்கிடையே எஞ்சிய சமதரைகளில் மாலை நேரங்களில் பந்து உதைபடுகிறது. காவலுக்காகப் போடப்பட்ட வேலி, உள்ளிருப்பவர்களின் உலகத்தையும் சுருக்கிவிட்ட அந்த இடத்திலிருந்துதான் ஒரு சிறுபான்மை இனம் தன் எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவில் தேசிய வீரர்களையும் வீராங்கனைகளையும் உருவாக்கியிருக்கிறது.

இந்த எழுச்சியை ஒரு வியப்புச் செய்தியாகப் படித்து வைத்துவிடுவது எளிது. ஆனால், இரத்தினபுரி மாவட்டத்தின் கஹவத்தையிலும் அதைச் சூழ்ந்த தேயிலை, றப்பர் தோட்டங்களிலும் வாழும் மலையகத் தமிழர்கள் இதை வேறு விதமாகப் படிக்க நியாயம் உண்டு. ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்தில் பிறந்த பிள்ளை விளையாட்டின் வழியே மேலே வருவதற்கு எவை தேவைப்படுகின்றன, அவற்றுள் ஒன்று பறிக்கப்படும்போது என்ன நடக்கிறது என்பதை ஹஸாராக்களின் அனுபவம் மிகத் தெளிவாகவும் மிகக் கொடூரமாகவும் காட்டுகிறது.

ஹஸாராக்கள் யார்?

ஹஸாராக்களின் பூர்வீகம் ஆப்கானிஸ்தானின் நடுவே உள்ள ஹஸாராஜாத் என்னும் மலைநாடாகும். அவர்கள் பேசுவது ஹஸாராகி என்னும் பாரசீகக் கிளைமொழி. பெரும்பான்மையோர் ஷியா முஸ்லிம்கள். மத்திய ஆசிய மக்களை ஒத்த அவர்களது முகத்தோற்றம், கூட்டத்தில் அவர்களை எளிதில் பிரித்துக் காட்டிவிடுகிறது. 1890களின் தொடக்கத்தில் ஆப்கானிஸ்தான் அமீர் அப்துர் ரஹ்மான் கான் அவர்கள்மீது நடத்திய போரில் நிலமும் உயிரும் இழந்து, எஞ்சியோருள் பலர் தெற்கே குவெட்டாவுக்கும் மேற்கே ஈரானின் மஷ்ஹத் நகருக்கும் தப்பியோடினர். குவெட்டாவில் அவர்களுக்கு முதலில் கிடைத்தவை உடலுழைப்பு வேலைகளும் பிரித்தானிய இந்தியப் படையில் இடமுமாகும். 1904இல் உருவாக்கப்பட்ட ஹஸாரா பயனியர்ஸ் என்னும் படைப்பிரிவு 1933இல் கலைக்கப்பட்டது. அதில் இருந்து வந்த மூஸா கான் என்பவர் பின்னாளில் பாகிஸ்தான் இராணுவத்தின் தலைமைத் தளபதியாக 1958 முதல் 1966 வரை பணியாற்றினார்.

ஆக, பாகிஸ்தான் அரசு தொடக்கத்தில் இந்தச் சமூகத்தைப் புறந்தள்ளவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிரிவினைக்குப் பின் குவெட்டா ஹஸாராக்கள் அந்நாட்டின் குடிமக்களாக ஏற்கப்பட்டார்கள்; பள்ளிக்கூடம், படை, அரசாங்க உத்தியோகம் ஆகிய மூன்றிலும் அவர்கள் கால் ஊன்றினார்கள். விளையாட்டில் அவர்கள் தலையெடுத்தது இந்த அத்திவாரத்தின் மேல்தான். 1960களில் பாகிஸ்தான் தேசிய உதைபந்தாட்ட அணியில் ஆடி, அதற்குத் தலைமையும் ஏற்ற கய்யூம் சங்கேசி குவெட்டாவின் ஹஸாரா. குத்துச்சண்டை வீரர் சையத் அப்ரார் ஹுசைன் 1984, 1988, 1992 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் பாகிஸ்தானைப் பிரதிநிதித்துவப்படுத்தி, 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றார். 2018இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் கராத்தேயில் வெண்கலம் வென்ற நர்கிஸ் ஹமீதுல்லா, ஆசியப் போட்டிகளில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் பாகிஸ்தானியப் பெண்.

பதக்கம் காப்பாற்றவில்லை

அப்ரார் ஹுசைன் 2011 ஜூன் 16ஆம் திகதி குவெட்டாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவர் பாகிஸ்தான் விளையாட்டுச் சபையின் அதிகாரியாக, இளைஞர்களுக்கு விளையாட்டு வசதி செய்து தரும் பொறுப்பில் இருந்தார். நாட்டின் கொடியை மூன்று ஒலிம்பிக் மைதானங்களுக்கு ஏந்திச் சென்ற ஒருவரையே அவரது இனம் காரணமாகக் கொல்ல முடியும் என்றால், பதக்கம் ஒரு சமூகத்துக்குப் பாதுகாப்பைப் பெற்றுத் தரும் என்ற நம்பிக்கைக்கு அன்றே முடிவு வந்துவிட்டது.

2013 ஜனவரி 10ஆம் திகதி குவெட்டாவின் அலம்தார் வீதியில் உள்ள ஒரு ஸ்னூக்கர் மண்டபத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது; காயப்பட்டோரைத் தூக்க ஆட்கள் ஓடி வந்த சில நிமிடங்களில் வெளியே மற்றொரு குண்டு வெடித்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களை அடக்கம் செய்ய மறுத்து, கடுங்குளிரில் சவப்பெட்டிகளோடு வீதியில் அமர்ந்த குடும்பங்களின் போராட்டத்தின் விளைவாக மாகாண அரசு கலைக்கப்பட்டது. ஐந்தே வாரங்களில், பெப்ரவரி 16இல், ஹஸாரா டவுன் அருகே கிரானி வீதிச் சந்தையில் வெடித்த குண்டு மேலும் எண்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இரண்டு தாக்குதல்களுக்கும் லஷ்கர்-எ-ஜாங்வி என்னும் தீவிரவாத அமைப்பு உரிமை கோரியது. முதல் தாக்குதலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் இளைஞர்கள் மாலையில் கூடி விளையாடும் இடம் என்பது விளையாட்டைப் பற்றிப் பேசும் எவரும் மறக்கக்கூடாத செய்தியாகும். சுருங்கிப்போன வாழ்க்கையில் எஞ்சியிருந்த சிறு மகிழ்ச்சியும் அன்று குறிவைக்கப்பட்டது.

| எண்களில் |
|---|
| குவெட்டாவில் வாழும் ஹஸாராக்களின் தொகை நான்கு முதல் ஐந்து இலட்சம் வரை என மதிப்பிடப்படுகிறது. |
| பாகிஸ்தான் தேசிய மனித உரிமைகள் ஆணைக்குழு 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2012 ஜனவரி முதல் 2017 டிசம்பர் வரை குவெட்டாவில் நடந்த தாக்குதல்களில் 509 ஹஸாராக்கள் கொல்லப்பட்டு, 627 பேர் காயமடைந்தனர். |
| 2021 ஜனவரியில் பலுசிஸ்தானின் மச் பகுதியில் ஹஸாரா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கடத்திக் கொல்லப்பட்டனர். |

ஷாஹிதா ரஸா: மைதானத்திலிருந்து படகுக்கு

இத்தகைய காலத்தில் வளர்ந்து வந்தவர்தான் ஷாஹிதா ரஸா. குவெட்டாவின் ஹஸாராப் பெண்ணான இவர் இரண்டு ஆட்டங்களில் பெயர் பெற்றார்: பாகிஸ்தான் தேசிய ஹொக்கி அணிக்காக ஆடினார், உதைபந்தாட்டத்தில் பலுசிஸ்தான் யுனைடெட் மகளிர் அணியில் இடம்பெற்றார். அந்த அணி 2014இல் தேசிய மகளிர் உதைபந்தாட்டச் சம்பியன் பட்டத்தை வென்றது என்பதை, பெண்கள் வெளியே விளையாடுவதே அரிதான ஒரு மாகாணத்தின் சாதனை என்று சேர்த்துப் படிக்க வேண்டும். தோழிகளும் இரசிகர்களும் அவரைச் ‘சின்டு’ என்ற செல்லப் பெயரால் அழைத்தனர்.

அவரது எழுச்சியைப் புரிந்துகொள்ளப் பாகிஸ்தானின் விளையாட்டு அமைப்பை அறிய வேண்டும். அங்கே நீண்ட காலமாக வீரர்களைத் தாங்கி நின்றவை தனியார் கழகங்கள் அல்ல. இராணுவம், ரயில்வே, மின்சார அதிகார சபை, வங்கி, எரிவாயு நிறுவனம் போன்ற அரசுத் துறைகள் தத்தமக்கென அணிகளை வைத்திருந்து, வீரர்களை ஊழியர்களாகச் சேர்த்து மாதச் சம்பளம் கொடுத்து வந்தன. இதையே துறைசார் விளையாட்டு என்கிறார்கள். ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதன் பொருள் என்ன என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை: காலையில் பயிற்சி, மாத முடிவில் சம்பளம், காயம் பட்டால் வைத்தியம், வயது போனால் அலுவலக வேலை. விளையாட்டை வீணான பொழுதுபோக்கு என்று எண்ணும் தந்தையிடம் ஒரு மகள் தன்னை ஆட விடுமாறு கேட்பதற்கு அந்தச் சம்பளச் சீட்டைவிடப் பலமான வாதம் வேறில்லை.

2021இல் இம்ரான் கான் அரசு இந்தத் துறைசார் அணிகளை மூடும் முடிவை எடுத்தது. நகரங்களையும் மாகாணங்களையும் அடிப்படையாகக் கொண்ட அணிகளே தரத்தை உயர்த்தும் என்பது அரசு சொன்ன காரணம். கிரிக்கெட்டில் அந்த வாதத்துக்கு ஓரளவு பொருளும் இருந்திருக்கலாம். ஆனால் தொலைக்காட்சி வருமானமோ விளம்பரதாரரோ இல்லாத ஹொக்கியிலும் உதைபந்தாட்டத்திலும் குறிப்பாக மகளிர் ஆட்டங்களிலும் மாற்று வழி உருவாகும் முன்பே பழைய வழி அடைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான வீரர்கள் வேலையை இழந்தனர். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியபின் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. கலைந்த அணிகளும் கலைந்த வாழ்க்கைகளும் ஓர் அரசாணையால் மட்டும் மீண்டும் கூடிவிடுவதில்லை. அதே காலத்தில் நாட்டின் உதைபந்தாட்ட நிர்வாகத்தில் நீடித்த இழுபறியால் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபா 2021 ஏப்ரலில் பாகிஸ்தானை இடைநிறுத்தி, 2022 ஜூனில்தான் தடையை நீக்கியது. 2014இல் தெற்காசியப் போட்டியில் ஆடிய பாகிஸ்தான் மகளிர் அணி அதற்குப் பின் சர்வதேச மைதானத்தில் கால் பதித்தது 2022 செப்டெம்பரில்தான். இருபது வயதில் உச்சத்தில் இருக்கும் ஒரு வீராங்கனைக்கு எட்டு ஆண்டுகள் என்பது முழு விளையாட்டு வாழ்க்கை.

ஷாஹிதா தனித்து வாழ்ந்த தாய். அவருடைய சிறு மகன் உடற்குறைபாட்டோடு இருந்தான். அவனுக்கு வெளிநாட்டில் நல்ல சிகிச்சை பெற்றுத் தர வேண்டும் என்பதே அவர் பயணம் புறப்பட்டதன் நோக்கம் என்று குடும்பத்தினர் பின்னர் தெரிவித்தனர். மகனை வீட்டில் விட்டுவிட்டு அவர் துருக்கி சென்று, இஸ்மீர் பகுதியிலிருந்து இத்தாலியை நோக்கிப் புறப்பட்ட ஒரு மரப்படகில் ஏறினார். 2023 பெப்ரவரி 26ஆம் திகதி விடியற்காலையில், தெற்கு இத்தாலியின் கலாபிரியாக் கரையில் உள்ள குட்ரோ என்னும் ஊருக்கு மிக அருகே அந்தப் படகு உடைந்தது. குறைந்தது 94 பேர் இறந்தனர். அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் குழந்தைகள். இறந்தோரில் ஷாஹிதாவும் ஒருவர். அவரது உடல் மார்ச் மாதத்தில் குவெட்டாவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. நாட்டின் தலைவர்கள் இரங்கல் தெரிவித்தார்கள்.

அந்த இரங்கலின் உண்மைத்தன்மையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் தேசிய அணியின் சட்டையை அணிந்த ஒரு பெண், தன் குழந்தையின் வைத்தியத்துக்காகக் கடத்தல்காரர்களின் படகில் ஏற வேண்டி வந்தது எப்படி என்ற கேள்வி அந்த நாட்டின் விளையாட்டுத் துறையை என்றும் துரத்த வேண்டும். அவரை மேலே தூக்கியது திறமை மட்டுமல்ல, அவரைக் கைவிட்டதும் ஒரு தனி நிகழ்ச்சி அல்ல. ஒரு சமூகத்தின் பாதுகாப்பின்மையும், வருமானத்துக்கு உத்தரவாதமற்ற ஒரு துறையின் வெறுமையும் ஒரே பெண்ணின் வாழ்க்கையில் சந்தித்துக்கொண்டன.

பிளாஸ்டிக் பைச் சட்டை

உலகம் மிக அதிகமாக அறிந்த ஹஸாரா உதைபந்தாட்டப் பிரியன் ஒரு வீரனல்ல, ஒரு சிறுவன். ஆப்கானிஸ்தானின் கஸ்னி மாகாணம் ஜாகோரி மாவட்டத்தைச் சேர்ந்த ஐந்து வயது முர்தஸா அஹ்மதி, நீலமும் வெள்ளையும் கலந்த பிளாஸ்டிக் பையில் அண்ணன் வெட்டிக் கொடுத்த, ‘மெஸ்ஸி 10’ என்று எழுதிய சட்டையோடு நின்ற படம் 2016 ஜனவரியில் உலகெங்கும் பரவியது. லயனல் மெஸ்ஸி கையொப்பமிட்ட சட்டைகளை யுனிசெப் மூலம் அனுப்பினார். அவ்வாண்டு டிசெம்பரில் டோஹாவில் சிறுவனை நேரிலும் சந்தித்தார். செய்தி இங்கே முடிந்துவிட்டதாகவே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்தப் புகழே குடும்பத்துக்கு அச்சுறுத்தலைக் கொண்டுவந்தது. பணம் கேட்டும் மிரட்டியும் வந்த அழைப்புகளுக்குப் பயந்து 2016 மே மாதமளவில் அவர்கள் பாகிஸ்தானுக்குப் போய்க் குவெட்டாவில் தங்கினார்கள். அங்கே நிலைபெற வழியின்றி ஊர் திரும்பியவர்களை 2018 நவம்பரில் ஜாகோரிமீது தலிபான் தொடுத்த தாக்குதல் மீண்டும் காபூலுக்குத் துரத்தியது; தப்பியோடியபோது மெஸ்ஸி தந்த சட்டையும் பந்தும் வீட்டிலேயே விடப்பட்டன.

குவெட்டா அந்தக் குடும்பத்துக்குப் புகலிடமாகவில்லை என்பதில் ஒரு நுட்பமான செய்தி உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் வந்த ஹஸாராவுக்குப் பாகிஸ்தானின் அடையாள அட்டை இருந்தது. ஆகவே அவர் தேசிய அணியில் ஆட முடிந்தது. அண்மையில் எல்லை கடந்தவர் அகதியாகவே கருதப்படுகிறார். முகமும் மொழியும் மதமும் ஒன்றாயிருந்தும், ஓர் அட்டை இருவரின் விதிகளையும் பிரிக்கிறது. குடியுரிமை தரும் நாட்டுக்குப் போய்ச் சேர முடிந்தவர்களின் நிலை இதற்கு மறுபுறம்: ஆப்கானிஸ்தானில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்த ஹஸாரா இளைஞர் ரஹ்மத் அக்பரி, பிரிஸ்பேன் ரோர் கழகத்தில் தொழில்முறை வீரராக உருவானார்.

கஹவத்தையிலிருந்து பார்க்கையில்

இரு சமூகங்களின் வரலாற்றையும் ஒன்றெனச் சொல்வது நேர்மையாகாது. மலையகத் தமிழர் போரில் தோற்று ஓடி வந்தவர்கள் அல்லர். உழைப்புக்காக அழைத்து வரப்பட்டவர்கள். குவெட்டாவில் நடப்பதைப் போன்ற தொடர் படுகொலையும் இங்கே இல்லை. ஆனால் ஒரு வேறுபாடு மலையகத்துக்கு எதிராகவே நிற்கிறது: குவெட்டா ஹஸாராக்கள் புதிய நாட்டின் குடிமக்களாகத் தம் விளையாட்டு வரலாற்றைத் தொடங்கிய அதே காலத்தில், இலங்கையில் ஒரு முழுச் சமூகத்தின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது. கய்யூம் சங்கேசி பாகிஸ்தான் அணிக்குத் தலைமை தாங்கிய ஆண்டுகளில், கஹவத்தையின் ஒரு லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பில்) அவருக்கு இணையான கால்கள் இருந்திருந்தாலும், அந்த இளைஞனுக்கு இலங்கை அணிக்கு ஆடுவதற்கான சட்டத் தகுதியே இருந்திருக்காது.

| நாடற்றோர் காலம் |
|---|
| 1948: பிரஜாவுரிமைச் சட்டம் இல. 18, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. |
| 1964: சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டனர். 1,50,000 பேரின் விதி பின்னர் முடிவு செய்ய விடப்பட்டது. |
| 1974: எஞ்சியோர் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். |
| 2003: இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் இல. 35 நிறைவேறியது. |

சப்ரகமுவ மாகாணத்தின் நிலை நுவரெலியாவின் நிலையிலிருந்தும் வேறுபட்டது. நுவரெலியா மாவட்டத்தில் தமிழ்த் தோட்டங்கள் தொடர்ச்சியாக அமைந்து, அரசியல் பலமும் பாடசாலைகளும் நகரங்களும் அச்சமூகத்துக்குத் துணை நிற்கின்றன. கஹவத்தை, பெல்மதுளை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளிலோ தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தனித்தனித் தீவுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு தோட்டத்தின் பிள்ளை அடுத்த தோட்டத்தின் பிள்ளையோடு ஒரே அணியில் ஆடுவதற்குக்கூடப் பேருந்து வேண்டும், மாலையில் திரும்பி வரப் பாதை வேண்டும். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் இப்பகுதித் தோட்டங்கள் தாக்கப்பட்டு, பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களுக்கு இடம்பெயர்ந்தன. எஞ்சியோரிடம் ‘இருட்ட முன் லயத்துக்கு வந்துவிடு’ என்னும் கட்டளை தலைமுறை தாண்டியும் தங்கிவிட்டது. அந்தக் கட்டளையின் கீழ் வளரும் பெண் பிள்ளைக்கு மாலை நேரப் பயிற்சி என்பது தொடக்கத்திலேயே இல்லாமற் போகிறது.

நிலத்தின் அமைப்பும் சாதகமாக இல்லை. தோட்டத்தில் சமதரை என்று இருப்பவை தொழிற்சாலை முற்றமும் கோயில் வாசலும் காலையில் தொழிலாளருக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களமுமே, மற்றெல்லாம் சரிவு. மைதானம் என்று பெயர் பெற்ற இடமும் பெரும்பாலும் மலையை வெட்டிச் சமப்படுத்திய சிறு துண்டாகவே இருக்கிறது. அதில் கரப்பந்தாட்டம் ஆடலாம். முழு அளவு உதைபந்தாட்டத்துக்குத் தேவையான ஏறத்தாழ நூறு மீற்றர் நீளத் தரை கிடைப்பதரிது. தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாவட்டத்தில் வடிகால் இல்லாத அத்தரை மாதக்கணக்கில் சேறாகவே கிடக்கும். பந்து பள்ளத்தில் இறங்கினால் தேயிலைச் செடிகளுக்கு இடையே இறங்கித் தேட வேண்டும். இந்தத் தரையில் பழகிய பிள்ளை மாகாணப் போட்டியில் புல்தரையில் முதன்முறையாக ஆடும்போது அவளுடைய கால் கணக்குத் தவறுவதைத் திறமைக் குறைவென எழுதிவைப்பது அநியாயம்.

மலையகத் தமிழர் என்றதும் விளையாட்டில் நினைவுக்கு வரும் பெயர் முத்தையா முரளிதரன். 800 டெஸ்ட் விக்கெட்டுகள் என்ற அவரது உலக சாதனை இச்சமூகத்துக்குத் தந்த பெருமை அளவிட முடியாதது. ஆனால் அவர் வந்த பாதை தோட்டத்துப் பாதையல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கண்டியில் பிஸ்கட் தயாரிப்புத் தொழில் நடத்திய குடும்பத்தில் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் விடுதியில் தங்கிப் படித்தவர் அவர். நல்ல மைதானமும் பயிற்றுநரும் போட்டி அட்டவணையும் அக்கல்லூரியில் இருந்தன. அவரது மேன்மைக்கு இது எந்தக் குறையும் ஆகாது. லயத்திலிருந்து நேராகத் தேசிய அணிக்குப் போகும் வழி இன்னும் அமைக்கப்படவில்லை என்பதையே இது காட்டுகிறது.

சம்பளம் கொடுப்பவர் யார்?

இலங்கையிலும் பாகிஸ்தானின் துறைசார் விளையாட்டை ஒத்த ஓர் ஏற்பாடு உண்டு. அது பெரும்பாலும் சீருடைத் துறைகளின் கையில் இருக்கிறது. 2021இல் தொடங்கிய இலங்கை சுப்பர் லீக் உதைபந்தாட்டத் தொடரில் இடம்பெற்ற பத்துக் கழகங்களில் மூன்று படையினருடையவை: இராணுவத்தின் டிஃபென்டர்ஸ், கடற்படையின் சீ ஹோக்ஸ், விமானப்படையின் புளூ ஈகிள்ஸ். எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை கொழும்பையும் மேற்குக் கரையோர ஊர்களையும் சேர்ந்தவை. மலையகத்திலிருந்து நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ் இடம்பெற்றது. சப்ரகமுவ மாகாணத்திலிருந்து ஒரு கழகமும் இல்லை. இதன் பொருள், விளையாட்டை வருமானமாக்க விரும்பும் கஹவத்தை இளைஞன் ஒன்று சீருடை அணிய வேண்டும், அல்லது மாகாணத்தை விட்டே வெளியேற வேண்டும் என்பதாகும். போர்க்காலத்தின் நினைவும் மொழித் தடையும் முதல் வழியை ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு எவ்வளவு கடினமாக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இலங்கை உதைபந்தாட்ட நிர்வாகமும் குறைவற்றதாக இருக்கவில்லை. 2023 ஜனவரியில் பீஃபா விதித்த இடைநிறுத்தம் ஆகஸ்ட் மாதம் வரை நீடித்தது.

இந்த வெற்றிடத்தில் என்ன நடக்கிறது? தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாயைத் தொட்டது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கொழுந்து எடுத்தும் றப்பர் பால் வெட்டியும் கிடைக்கும் இத்தகைய வருமானத்தில் ஒரு சோடி உதைபந்தாட்டக் காலணி பல நாட் கூலியை விழுங்கும். ஆகவே பாடசாலைப் போட்டிகளில் வலய மட்டம் வரை ஓடிய பிள்ளை, சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் கொழும்புக் கடைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ, சில ஆண்டுகளில் மத்திய கிழக்கின் வீட்டு வேலைக்கோ போய்விடுகிறாள். குவெட்டாவில் விளையாட்டு வாழ்க்கை முடிந்தபின் ஷாஹிதாவுக்குக் கடற்பயணம் வந்தது; இங்கே விளையாட்டு வாழ்க்கை தொடங்குமுன்பே புறப்பாடு வந்துவிடுகிறது. போனவர்களின் பெயர்கள் எந்தச் செய்தித்தாளிலும் வருவதில்லை, ஏனெனில் அவர்கள் என்னவாகியிருப்பார்கள் என்று எவருக்கும் தெரிய வாய்ப்பே ஏற்படவில்லை.

சட்டம் திறந்துவிட்ட கதவு

நிலைமையை மாற்றும் கருவி சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் இதில் மிக முக்கியமான செய்தி. உள்ளூராட்சியின் அடிநிலை அமைப்பான பிரதேச சபைகளை உருவாக்கிய 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளைத் தனியார் நிர்வாகப் பரப்பாகக் கருதியதால், சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடுவதற்கு நீண்ட காலம் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினரே, தம்மைத் தெரிந்தெடுத்தவர்களின் பாதையையோ மைதானத்தையோ திருத்த முடியாதிருந்தார். 2018இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையை நிறுவும் சட்டமும் வந்தது. தோட்ட நிலங்கள் 1992 முதல் கம்பனிகளின் முகாமையில் இருந்தாலும் அவை குத்தகை நிலங்களே, உரிமை அரசினது. எனவே ஒரு மைதானத்துக்கு ஓரிரு ஏக்கர் ஒதுக்குவது கம்பனியின் தயவைப் பொறுத்த காரியம் மட்டுமல்ல, அரசின் கொள்கை சார்ந்த முடிவுமாகும்.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தெரிவான சுந்தரலிங்கம் பிரதீப் பெருந்தோட்டம், சமூக உட்கட்டமைப்புப் பிரதி அமைச்சராக நியமிக்கப்பட்டிருப்பது, கஹவத்தைத் தோட்டங்களின் குரல் போய்ச் சேர வேண்டிய இடத்தை முன்பைவிட அருகில் கொண்டுவந்திருக்கிறது. 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பின் பிரதேச சபைகளும் மீண்டும் இயங்கத் தொடங்கியுள்ளன. ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் அச்சபைகள் அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தைத் தயாரிக்கின்றன. பல தோட்டப் பிள்ளைகள் வந்து சேரக்கூடிய ஒரு பொது இடத்தில் முழு அளவு மைதானம் ஒன்றைச் சமப்படுத்தி வடிகால் அமைப்பதும், பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஓர் அறை கட்டுவதும், பயிற்சி முடிந்தபின் அவர்களை லயத்து வாசல்வரை கொண்டுசெல்ல மாலையில் ஒரு பேருந்துச் சேவைக்கு ஏற்பாடு செய்வதும், தமிழ் பேசும் ஒரு பயிற்றுநருக்கு மாதச் சம்பளம் ஒதுக்குவதும் அத்திட்டத்தில் எழுதப்படக்கூடிய வரிகள். அவற்றை எழுதும்படி கேட்கும் உரிமை இப்போது தோட்டத்து வாக்காளரிடம் இருக்கிறது. கேட்கப்படாத வரி எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் தானாக இடம்பெறாது.